என்டர் தட்டுகிற வரைக்கும்

ஒரு விரல் அந்தரத்தில் நிற்கிறது. அதிலிருந்துதான் இந்த வாரக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால், எங்கள் ஊர் அம்மன் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழா நாள். தெற்கு ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையின் முன்பக்கத்தை ஒழித்து, மேசை போட்டு, அதன் மேல் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தோம். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே அரக்குச் சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து நின்றாள். ‘உங்கள் பெயர்?’ என்று திரை கேட்டது. அவள் தேடிப் பிடித்து ஓர் எழுத்தைத் தட்டினாள்.

இரண்டாவது எழுத்துக்கு விரல் போவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

விரல் அப்படியே நின்றது. நகத்தில் பழைய மருதாணி பாதி வளர்ந்து ஏறியிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நான் இன்னும் முடிக்கலையே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் உள்ள அத்தனை பேரிடமும் இருபத்தாறு வருடமாக நான் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல் வைத்திருந்த வாக்கியம் அது.

மூன்று பெயர்கள்

என் பெயர் கோமதிநாயகம். அம்மன் பெயரே கோமதி என்பதால் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கோமதி மேலேதான் விழ வேண்டும். அதனால் வீட்டில் யோசிக்காமல் வைத்துவிட்டார்கள். பிள்ளைக்குத் திக்குவாய் வரும், அதிலும் ‘க’ வரிசையில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அச்சில் ‘கோ… கோ…’ என்று புள்ளி வைத்துப் போடுவார்கள். உண்மையில் பாதி நேரம் அந்தக் ‘கோ’கூட வராது. தொண்டைக்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டது மாதிரி இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறான் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. உதவி செய்கிறவர்கள். அதுதான் சிக்கல். நான் வாயைத் திறந்து ஒரு மூச்சு நின்றால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

முடிவெட்டும் கடையில் முதல் நாள் பெயர் கேட்டார்கள். நான் முக்கிக்கொண்டிருக்கையில், “குமாரா?” என்றார் கடைக்காரர். தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து அங்கே நான் குமார். வாடகைக்குப் புத்தகம் எடுக்கும் கடையில் கோபால். ஒரே தெருவில் இரண்டு பேராக நடமாடினேன். கடைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

பஸ் கதை இன்னும் மோசம். தறிக்கு ஒரு சாமான் வாங்கக் கோவில்பட்டி போக வேண்டும். கண்டக்டர் முன்னால் நான் மூச்சுப் பிடித்து நிற்க, அவர், “கழுகுமலையா?” என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். நான் என்ன செய்தேன்? மரியாதையாகக் கழுகுமலையில் இறங்கினேன். அடுத்த பஸ்ஸில் ஏறி, பின்னால் நின்றவர் “ரெண்டு கோவில்பட்டி” என்று கேட்டதும், மூன்றாவதாக என் விரலையும் சேர்த்துக் காட்டினேன்.

எனக்குத் தொந்தரவு இல்லாத ஒரே இடம் எங்கள் தறிக்கூடம். எட்டு விசைத்தறி ஓடினால் அந்தச் சத்தத்தில் யாருமே பேச முடியாது. அங்கே எல்லாம் கைப் பேச்சுதான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரி மாதிரி காட்டுவோம். டீ வந்தால் கட்டை விரல் வாய்க்குப் போகும். உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே நிறுத்தினால், ‘தறியை நிப்பாட்டு’ என்று அர்த்தம். அதற்கு மட்டும் கேள்வி கேட்கக்கூடாது. கையைப் பார்த்ததும் எதுவாக இருந்தாலும் நின்றுவிட வேண்டும். விரல் மாட்டியிருக்கலாம், சேலைத் தலைப்பு சிக்கியிருக்கலாம்.

“இங்கன நீதாம்லே ராசா” என்பார் அப்பா. பிள்ளையைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனாலும் நான் வாழ்நாள் முழுவதும் சத்தத்துக்குள்ளேயே இருந்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டது போல எனக்குத் தோன்றும்.

பெட்டி கேட்ட கேள்வி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் செண்பகம் மிஸ் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். என்னைவிட ஒரு வயதுதான் கூடுதல். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு பெட்டியும் வாங்கி வந்துவிட்டார். பெட்டி என்றால் ஒரு கீபோர்டு, அதோடு இணைத்த கறுப்பு வெள்ளை டிவி, எழுதிய புரோகிராமைப் பதிந்துவைக்க ஒரு டேப் ரிக்கார்டர். அவ்வளவுதான்.

“வாயைத் திறக்காம செய்யுத வேலையாம்லே, போய்ச் சேரு” என்று அப்பாதான் அனுப்பிவைத்தார். மொத்தம் ஐந்து பேர் சேர்ந்தோம்.

முதல் நாள் மிஸ் ரிஜிஸ்டரைத் திறந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். அவருக்கு எல்லாமே வேகம். படியைக்கூட இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். என் முறை வந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

“கோபாலா?” என்றார்.

தலையை ஆட்டினேன். ஏற்கெனவே இருக்கிற பெயர்தானே, புதிதாக ஒன்று வரவில்லையே என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

முதல் பாடம் பிரின்ட். நாம் எழுதிக் கொடுத்ததைப் பெட்டி திரையில் காட்டும். பரவாயில்லை, எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது பாடத்தில்தான் வந்தது வினை.

“இது வரைக்கும் பெட்டி சொல்லிச்சு, நாம பாத்தோம். இனிமே பெட்டி நம்மகிட்ட கேக்கும், நாம பதில் சொல்லணும். அதுக்கு இன்புட்னு பேரு” என்றார் மிஸ். “மொதல்ல பேரக் கேக்கச் சொல்லுவோம்.”

ஊரில் இத்தனை பேர் போதாது என்று இதுவுமா?

பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு மூன்று வரி. பத்தாவது வரி கேள்வியைக் காட்டும். இருபதாவது வரி பதிலை வாங்கி வைத்துக்கொள்ளும். முப்பதாவது வரி வணக்கம் சொல்லும். அடித்து முடித்து ஓடவிட்டோம். ஆங்கில எழுத்தில் தமிழாக ‘உங்கள் பெயர்’ என்று வந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மினுங்கியது.

எங்களோடு படித்தவர்களில் பாங்க்கில் வேலை பார்த்த ஓர் அண்ணாச்சி இருந்தார். எதையும் சந்தேகப்படுகிற ஆள். “மிஸ், பதில் சொல்ல நேரமாச்சுன்னா என்ன செய்யும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. என்டர் தட்டுத வரைக்கும் அப்படியே நிக்கும்.”

“டீ குடிச்சிட்டு வந்தா?”

“நிக்கும்.”

“தென்காசி போயிட்டு வந்தா?”

“கரண்ட் போகாட்டா நிக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முகத்தைச் சுளிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்க்கவில்லை. ‘குமாரா?’ என்று கேட்கவில்லை.

என் முறை வந்ததும் உட்கார்ந்து அடித்தேன். கே, ஓ, எம். மூன்றாவது எழுத்துக்குப் பிறகு வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நின்றது. ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து அழித்தேன். அதற்கும் நின்றது. பதினாலு எழுத்தையும் அடித்து, என்டர் தட்டினேன்.

வணக்கம் கோமதிநாயகம் என்றது பெட்டி.

மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் சொன்னது. எத்தனை தடவை ஓடவிட்டேனோ தெரியாது. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. இதைச் சொல்ல வெட்கமில்லை. என் பெயரை நானே முழுதாகச் சொல்லி, அதை ஒருவர் முழுதாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னால் வந்து நின்ற மிஸ், “யாரு கோமதிநாயகம்?” என்றார்.

நான் நெஞ்சில் விரலை வைத்தேன்.

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோபாலை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

அதற்குப் பிறகு என்னிடம் பொறுமையாக இருக்க ரொம்பவே பாடுபட்டார். மூன்று வினாடி தாங்குவார். நாலாவது வினாடியில் மிச்ச வார்த்தையைச் சொல்லிவிட்டு, “ஐயோ, சாரி” என்பார். பிறவிக் குணம், என்ன செய்ய?

அப்பாவின் ஏற்பாடு

அந்த வருடம் எனக்கு இரண்டு சம்பந்தம் வந்து கலைந்திருந்தது. இரண்டாவது வீட்டில் பெண்ணின் அண்ணன் நான் பேசியதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது, இளையரசனேந்தலில் தூரத்துச் சொந்தம். எங்கள் பக்கம் வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதற்கு முன்னால், கோயிலிலோ திருவிழாவிலோ தற்செயலாகச் சந்திப்பது போல ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் இரு வீட்டாரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்து போய்விடலாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. தபசு அன்று பார்ப்பதாகப் பேச்சு.

அதே தபசுக்குத்தான் செண்பகம் மிஸ், ரத வீதியில் கம்ப்யூட்டரை வைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்று கிளம்பியிருந்தார். ஜனங்கள் பெயரை அடிக்க வேண்டும், பெட்டி வணக்கம் சொல்லும். அதற்கு என் புரோகிராமைத்தான் எடுத்திருந்தார். எனக்கு அதில் பெருமை உண்டு.

விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஏலே, கோயிலுக்குள்ள வச்சுப் பாக்காண்டாம். நீ அந்தப் பொட்டிக்குப் பின்னால உக்காந்திரு. அவுகள அங்கன கூட்டிட்டு வாரேன். நீ வாயே திறக்காண்டாம்.”

“அ… அப்பா, அது பொ… பொ…”

“பொய்யி சொல்லச் சொல்லலலே. பேசாம இருன்னுதான் சொல்லுதேன். தாலி கட்டின பெறவு எல்லாம் சரியாப் போவும்.”

அப்பாவை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். நானும் சரி என்றேன். எனக்கும் கல்யாணம் வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையும் யாராவது சிரிப்பதைத் தாங்க முடியாது என்று பயமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஏமாற்றப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தேதான் தலையை ஆட்டினேன். குமாருக்கும் கோபாலுக்கும் ஆட்டிய அதே தலை.

தெற்கு ரத வீதி

காலையில் கூட்டம் அலைமோதியது. சிக்கல் எங்கே வந்தது என்றால், யாரும் என்டர் தட்டவில்லை. பெயரை அடித்ததும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். பின்னால் வந்தவர் அதோடு ஒட்டித் தன் பெயரை அடிப்பார். மாரியப்பனும் செல்வியும் பாண்டியும் ஒன்றாகி, கடைசியில் மிஸ் என்டர் தட்டியதும், ‘வணக்கம் மாரியப்பன்செல்விபாண்டி’ என்று பெட்டி கும்பிட்டது. செல்வியின் புருஷன் சண்டைக்கு வந்துவிட்டார்.

“என்டர், என்டர்னு கத்தித் தொண்ட வத்திட்டு” என்றார் மிஸ்.

மத்தியானம் நான் சாப்பிடப் போய்த் திரும்பினால், வரிசை சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் இருபதாவது வரியை மாற்றிவிட்டிருந்தார். இன்புட்டை எடுத்துவிட்டு இன்-கீ என்று இன்னொன்றைப் போட்டிருந்தார். அது என்டருக்காக நிற்காது. எந்தப் பொத்தான் முதலில் விழுகிறதோ அதைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். மாரியப்பன் வந்து எம் தட்டினால், ‘வணக்கம் எம்’.

“பேரோட மொத எழுத்து போதும். சோலி முடிஞ்சிரும்” என்றார். ஆனால் பத்தாவது வரியை மாற்ற மறந்துவிட்டார். திரை பழையபடி ‘உங்கள் பெயர்?’ என்றேதான் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர், “கூட்டத்தப் பாருங்க” என்று முடித்துவிட்டார்.

சப்பரம் வருகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா பத்துப் பேருக்குச் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். “நம்ம பையன்தான் இதப் பூரா எழுதினது மச்சான். ராவும் பகலும் இதே நெனப்பு. அதிகம் பேச மாட்டான்.” பெண்ணின் அப்பா உயரமாக, வெயிலில் காய்ந்த முகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். கீபோர்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் ஓர் எழுத்தைத் தட்டினாள். வணக்கம் ஏ என்றது பெட்டி.

“நான் இன்னும் முடிக்கலையே.”

“அவ்வளவுதாம்மா, ஒரு எழுத்து போதும். அடுத்த ஆளு வாங்க” என்றார் மிஸ்.

அவள் கையை இழுத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். குமாரா என்று கேட்கும்போது நான் சிரிக்கும் சிரிப்பு. பழகிப்போனவர்கள் சிரிப்பது.

நான் பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். அப்பாவின் கண் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் என் பெட்டி, என் புரோகிராம், அந்தப் பெண்ணைப் பாதியில் வெட்டிவிட்டதே. அதைத் தாங்க முடியவில்லை.

பிரேக் பொத்தானைத் தட்டினேன். ஓட்டம் நின்றது. இருபதாவது வரியில் பழையபடி இன்புட்டை அடித்தேன்.

“என்ன செய்யுதீக? இவ்வளவு பேரு நிக்காக!” என்று மிஸ் பதறினார்.

ஓடவிட்டுக் கீபோர்டை மறுபடி அவள் பக்கம் தள்ளினேன். என்டரை விரலால் காட்டினாலே போதும், கைப் பேச்சு எனக்குக் கைவந்ததுதான். ஆனாலும் வாயைத் திறந்தேன்.

“மெதுவா அடிங்க. அது கா… கா…”

“காத்திருக்கும்ங்கான் மச்சான்” என்று அப்பா குறுக்கே விழுந்தார். “ரெண்டு நாளாத் தொண்ட கெட்டிக் கெடக்கு, அதான்…”

நான் உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே நிறுத்தினேன்.

முப்பது வருடம் தறிக்கூடத்தில் நின்ற மனிதர். கையைப் பார்த்ததும் அவரை அறியாமல் நின்றுவிட்டார்.

“கா… காத்திருக்கும்” என்றேன். “முடிச்சதும் இ… இதத் தட்டுங்க.”

பெண்ணின் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீபோர்டில் குனிந்தாள்.

ஆங்கில எழுத்து தெரியும், ஆனால் அது அகர வரிசையில் இல்லாமல் கலைந்து கிடப்பது அவளுக்குப் புதிது. ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடினாள். ஏழாவது எழுத்துக்கு வந்து நின்றுவிட்டாள். ஒய் வேண்டும். மேல் வரிசையை விட்டுவிட்டு மற்ற வரிசைகளில் எல்லாம் தேடினாள். மிஸ், “அங்கன…” என்று தொடங்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். சப்பரத்தின் மேல் ஜனங்கள் விளைச்சல் காணிக்கையாக வீசிய பருத்தியும் மிளகாய் வத்தலும் கடை வரைக்கும் சிதறின. ஒரு வத்தல் கீபோர்டு மேலேயே விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தாள். பன்னிரண்டு எழுத்தையும் முடித்து என்டர் தட்டினாள்.

வணக்கம் ஆவுடையம்மாள்.

முகம் முழுக்கச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு. பிறகு என்னிடம், “உங்க பேரு?” என்றாள்.

அப்பா வாயைத் திறந்து, என் கையைப் பார்த்து, மூடிக்கொண்டார். எனக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. மேளம் எங்களைத் தாண்டிப் போய், தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்தது. அவள் அவசரமே இல்லாமல் நின்றாள்.

“கோமதிநாயகம்” என்றேன்.

ஒய்

வீடு திரும்பும்போது அப்பா தறிக்கூடத்து வாசலில் நின்றார். திருவிழா என்பதால் தறி ஓடவில்லை. அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

“ஏலே… இத்தன வருசம் நான்தான் ஒன்னய…” என்றார். அதற்கு மேல் வரவில்லை. நான் நின்றேன். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் முடித்துக் கொடுக்கவில்லை. கடைசிவரை அவர் முடிக்கவே இல்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதினைந்து இருபது நாள் கழித்து ஆவுடையின் அப்பா பஸ் ஏறி வந்தார். ஓடுகிற தறிகளுக்கு நடுவே நின்று எதையோ கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அப்பா கையில் வைத்தார்.

இந்தக் கதையை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ‘அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி எனக்காக நின்றாள்’ என்றுதான் முடிப்பேன். இந்த வாரமும் அப்படித்தான் எழுதி, ஆவுடையிடம் படிக்கக் கொடுத்தேன். இப்போதும் அவள் ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பாள். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“தப்பா எழுதிருக்கீக.”

“எ… எது?”

“எங்க வீட்ல ஆறு பொண்ணுல நான் நாலாவது. ஒண்ணச் செய்ய ஆரம்பிச்சா, ‘தள்ளு, ஒனக்கு வராது’ன்னு எவளாவது பிடுங்கிருவா. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். நான் முடிக்கித வரைக்கும் யாரும் நின்னது கெடையாது.” காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். “அந்த ஒய் எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க காட்டல.”